வேளச்சேரி–தாம்பரம் சாலையில் பாடம் நடத்தக் கற்றுக்கொண்டேன்

மேடவாக்கத்தில் ஒரு பள்ளிக்குக் கணக்கு ஆசிரியையாக வந்து சேர்ந்தபோது, வேளச்சேரி–தாம்பரம் சாலையை எனக்குப் பேருந்துப் பாதையாக மட்டுமே தெரியும். வி51 பேருந்தில் ஏறி, பள்ளிக்கரணை நெரிசலில் நின்று நின்று வந்து, மேடவாக்கம் கூட்ரோட்டில் இறங்குவேன். அந்தச் சாலையை வைத்துக் கணக்கு, அறிவியல், வரலாறு, குடிமையியல், தமிழ் எல்லாவற்றையும் சேர்த்து நடத்த முடியும் என்று எனக்குக் காட்டியவர் எங்கள் பள்ளியின் மூத்த சமூக அறிவியல் ஆசிரியை. பிள்ளைகள் அவரைப் 'பெரிய மிஸ்' என்பார்கள். நாளடைவில் நானும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டேன்.

பி.எட். படிப்பில் பாடத்திட்டம் எழுதச் சொல்லிக்கொடுத்தார்கள். கரும்பலகையை எப்படிப் பிரித்து எழுதுவது என்று சொல்லிக்கொடுத்தார்கள். வகுப்பறைக்கு வெளியே பிள்ளைகளைக் கூட்டிப்போய்ப் பாடம் நடத்துவது தனித் தொழில். தச்சு வேலையைப் போல, தெரிந்தவர் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் அது கைக்கு வரும். பெரிய மிஸ்ஸின் பக்கத்தில் நின்று நான் கற்றுக்கொண்டதை, இந்தப் பக்கத்துப் பள்ளிகளில் வேலை பார்க்கும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் தனியாக நடக்க வேண்டும்

"பிள்ளைங்கள கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி நீ மட்டும் நடந்துட்டு வாம்மா. வெயில்ல ஒருவாட்டி, மழையில ஒருவாட்டி, பனியில ஒருவாட்டி" என்பதுதான் பெரிய மிஸ் எனக்குக் கொடுத்த முதல் வேலை. கையில் ஒரு நோட்டு. எங்கே நிழல் இருக்கிறது, எங்கே நடைபாதை உடைந்திருக்கிறது, எந்த இடத்தில் முப்பது பிள்ளைகள் யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் வட்டமாக நிற்கலாம், எங்கே கழிப்பறை, எங்கே சத்தத்தில் குரல் எடுபடாது என்று குறித்துக்கொண்டே நடந்தேன். வண்டியில் போகும்போது கண்ணில் படாதவை நடக்கும்போது ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

இந்தச் சாலையின் சிறப்பு அதன் இருபுறமும் இருப்பவை. வேளச்சேரியைத் தாண்டியதும் ஒருபக்கம் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் விரிகிறது. மார்கழி, தை மாதங்களில் கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, நீலத் தாழைக்கோழி, முக்குளிப்பான், சில வருடங்களில் பூநாரைக் கூட்டமும் கூட அங்கே இருக்கும். அதே சாலையில் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம். மனிதர்களை 6,000 மீட்டர் ஆழத்துக்கு அனுப்பும் 'மத்ஸ்யா 6000' நீர்மூழ்கியை உருவாக்குகிறவர்கள் இவர்கள்தான். பள்ளிக்கரணையிலேயே தேசியக் காற்றாற்றல் நிறுவனம். மேடவாக்கத்திலிருந்து கிழக்கே திரும்பினால் பெரும்பாக்கத்தில் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம். வடமேற்கே பரங்கிமலைக்குப் போகும் சாலையில் நன்மங்கலம் காப்புக்காடு. அங்கே கைவிடப்பட்ட கல்குவாரியில் கொம்பன் ஆந்தைகள் குடியிருக்கின்றன. மேற்கே தாம்பரத்தை நோக்கிப் போனால், சேலையூர் வட்டாரத்தில் உட்புறமாக, மாடம்பாக்கத்தில் சோழர் காலத்துத் தேனுபுரீஸ்வரர் கோயில்.

இவ்வளவையும் ஒரே நாளில் காட்டிவிட வேண்டும் என்ற ஆசை யாருக்கும் வரும். பெரிய மிஸ் என் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, நான் குறித்திருந்த இடங்களில் நான்கை மட்டும் வட்டமிட்டார். "மீதியெல்லாம் அடுத்த வருஷத்துக்கு" என்றார்.

ஒரு நிறுத்தம், ஒரு கேள்வி

ஒரு நிறுத்தத்துக்கு ஒரு கேள்விதான் என்பது அவர் விதி. அந்தக் கேள்விக்கு மனப்பாடத்தில் இருந்து பதில் வரக் கூடாது. பார்த்தோ, எண்ணியோ, அளந்தோ, யாரையாவது கேட்டோதான் வர வேண்டும். 'சதுப்புநிலம் என்றால் என்ன?' என்று கேட்டால் புத்தகத்தில் இருக்கும் இரண்டு வரி வரும். 'இந்தத் தண்ணீர் எந்தப் பக்கம் நகர்கிறது? எப்படிக் கண்டுபிடிப்பாய்?' என்று கேட்டால், பிள்ளைகள் காய்ந்த இலையைப் போட்டுப் பார்க்கிறார்கள், சாய்ந்து நிற்கும் கோரையைப் பார்க்கிறார்கள், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்கிறார்கள். இலையை நகர்த்தியது தண்ணீரா காற்றா என்று அவர்களுக்குள்ளேயே வாக்குவாதம் வருகிறது. வந்த காரியம் அங்கே பாதி முடிந்துவிடுகிறது.

இரண்டாவது விதி, கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர் பேசக் கூடாது. எல்லாரும் எழுதி முடிக்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். நான் அவருடன் போன தொடக்க நாட்களில் இதைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் தப்பாகச் சொன்னாலும் அவர் முகத்தில் எதுவும் தெரியாது. "அப்படியா? அத எழுதி வை" என்பார், அவ்வளவுதான். சரியாகச் சொன்ன பிள்ளையிடமும் அதையே சொல்வார். அதனால் பதில் எங்கே இருக்கிறது என்று அவர் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பிள்ளைகள் சதுப்பைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

மூன்றாவது, ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் நேராகப் பாடப்புத்தகத்தில் எந்த வகுப்பு, எந்தப் பாடம் என்று எழுதி வைத்திருக்க வேண்டும். இது சுற்றுலா என்று தலைமையாசிரியருக்கோ பெற்றோருக்கோ தோன்றிவிட்டால் அடுத்த முறை அனுமதி கிடைக்காது. எட்டாம் வகுப்பு அறிவியலில் வெப்பம், ஏழாம் வகுப்புக் கணக்கில் முக்கோணம் வரைதல், சமூக அறிவியலில் உள்ளாட்சி என்று அவரிடம் ஒரு பட்டியல் எப்போதும் இருக்கும்.

லாம்டன் இழுத்த சங்கிலி

நான் கணக்கு ஆசிரியை என்பதால் எனக்கென்று அவர் ஒதுக்கிக் கொடுத்தது அளவைப் பாடம். இந்தப் பகுதியில் கணக்கு நடத்த இதைவிடப் பொருத்தமான வரலாறு வேறு எங்கும் கிடைக்காது. 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி பரங்கிமலையில் இருந்து பெரும்பாக்கம் குன்றை நோக்கி ஒரு நேர்கோட்டை அளக்கத் தொடங்கினார். நீளம் சுமார் 7.5 மைல். இந்திய துணைக்கண்டம் முழுவதையும் அளந்த மாபெரும் முக்கோணவியல் நில அளவையின் முதல் அடிக்கோடு அதுதான். அந்தக் கோட்டில் தொடங்கிய முக்கோணங்களைத் தலைமுறை தலைமுறையாக வடக்கே கொண்டுபோய், இமயமலை வரை சேர்த்தார்கள். 1852-இல் ராதாநாத் சிக்தார் என்ற வங்காளக் கணிதவியலாளர்தான் 'சிகரம் 15' உலகிலேயே உயர்ந்தது என்று கணக்கிட்டுச் சொன்னார். அதைத்தான் பிறகு எவரெஸ்ட் என்று அழைத்தார்கள்.

'எவரெஸ்ட்டின் கணக்கு நம்ம பெரும்பாக்கத்தில் ஆரம்பித்தது' என்று சொன்னதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவதைப் பார்க்க வேண்டும். பெரும்பாக்கத்தில் இருந்து வரும் பிள்ளைகளின் முகத்தில் தெரியும் மகிழ்ச்சி தனி.

லாம்டன் பயன்படுத்தியது 100 அடி நீள எஃகுச் சங்கிலி. இரண்டரை அடி நீளமுள்ள 40 கண்ணிகள் கொண்டது. அதைத் தரையில் அப்படியே போட்டு இழுக்கவில்லை. மரத்தொட்டிகளில் கிடத்தி, தாங்கிகள் மேல் மட்டம் பார்த்து வைத்து, கூடவே வெப்பமானிகளையும் வைத்து அளந்தார்கள். ஏறக்குறைய 400 முறை அந்தச் சங்கிலியை எடுத்து எடுத்து வைக்க வேண்டியிருந்தது. வேலை முடிய 57 நாட்கள் ஆயின.

வெப்பமானி எதற்கு? இதுதான் நான் பிள்ளைகளிடம் வைத்த கேள்வி. பதிலை அவர்களையே கணக்கிடச் சொன்னேன். எஃகு ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால் ஒரு மீட்டருக்கு சுமார் 0.012 மில்லிமீட்டர் நீளும். 100 அடி என்பது 30.48 மீட்டர். காலையில் இருந்து மதியத்துக்குள் 10 டிகிரி கூடினால் சங்கிலி சுமார் 3.7 மில்லிமீட்டர் நீண்டுவிடும். அரிசி மணியளவுகூட இல்லை என்று விட்டுவிடலாமா? 400 முறை வைத்தால் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் பிழை. அதை அடிப்படையாக வைத்து இமயமலை வரைக்கும் முக்கோணங்களைக் கட்டினால் என்ன ஆகும் என்று யோசிக்கச் சொன்னேன். வெப்பத்தால் பொருள்கள் விரிவடையும் என்ற ஒற்றை வரியை வருடா வருடம் எழுதி வந்த பிள்ளைகள், அந்த வரிக்கு எவ்வளவு கனம் என்று முதல் முறையாகப் பார்த்தார்கள்.

அடுத்து நாங்களே ஒரு முக்கோணம் கட்டினோம். சதுப்பின் ஓரத்தில் இருக்கும் சூழலியல் பூங்காவின் நடைபாதை இதற்கு ஏற்ற இடம். தண்ணீருக்கு நடுவே நிற்கும் ஒரு கம்பத்தை இலக்காக எடுத்துக்கொண்டோம். தண்ணீரில் இறங்காமல் அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். கருவி எளிமையானது. அட்டையில் ஒட்டிய கோணமானி, அதன் மையத்தில் குண்டூசியால் குத்திய ஜூஸ் ஸ்ட்ரா. ஸ்ட்ரா வழியாகக் கம்பத்தைப் பார்த்துக் கோணத்தைப் படிக்க வேண்டும். நடைபாதையில் 20 மீட்டர் அளந்து, இரு முனையிலும் சுண்ணக்கட்டியால் குறி போட்டோம். மீட்டருக்கு ஒரு முடிச்சு போட்ட நைலான் கயிறுதான் எங்கள் சங்கிலி.

ஒரு முனையில் 80 டிகிரி, மறு முனையில் 85 டிகிரி என்று ஒரு குழு படித்தது. ஏழாம் வகுப்பில் படித்த கோ-ப-கோ முறைதான். 5 மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்று அளவு வைத்து அங்கேயே உட்கார்ந்து நோட்டில் வரைந்தார்கள். கம்பத்துக்குச் செங்குத்துத் தூரம் 76 மீட்டர் அளவில் வந்தது. பக்கத்துக் குழுவுக்கு இரண்டாவது கோணம் 84 என்று கிடைத்தது. அவர்களுக்கு 71 மீட்டர். ஒரே கம்பம், ஒரே இடம், ஒரே ஒரு டிகிரி வித்தியாசம். விடையில் ஐந்து மீட்டர் போய்விட்டது.

எது சரி என்று என்னிடம் கேட்டார்கள். பெரிய மிஸ் சொல்லிக்கொடுத்தபடி நான் வாய் திறக்கவில்லை. ஒரு பெண் கயிற்றை எடுத்து, "அடியில இருக்கற கோடு ரொம்பச் சின்னதா இருக்கு மிஸ். நாப்பது மீட்டர் வச்சா இவ்ளோ தப்பு வராது" என்றாள். வைத்துப் பார்த்தார்கள். வித்தியாசம் குறைந்தது. லாம்டன் ஏன் 7.5 மைல் அடிக்கோடு எடுத்தார், கோணம் அளக்க ஏன் அரை டன் எடையுள்ள தியோடலைட்டை இங்கிலாந்தில் இருந்து தருவித்தார் என்ற இரண்டு கேள்விகளுக்கும் அந்தப் பெண்ணின் ஒரு வாக்கியத்தில் பதில் இருந்தது. கரும்பலகையில் நான் எத்தனை முக்கோணம் வரைந்தாலும் இந்த வாக்கியத்தை ஒரு பிள்ளையின் வாயில் இருந்து வரவழைத்திருக்க முடியாது.

இன்று சென்னை மெட்ரோவின் ஐந்தாம் வழித்தடம் பரங்கிமலை, கீழ்க்கட்டளை, கோவிலம்பாக்கம், மேடவாக்கம், பெரும்பாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூருக்குப் போகும் பாதையாக அமைகிறது. லாம்டன் இணைத்த அதே இரண்டு ஊர்கள். எழும்பி நிற்கும் தூண்களைக் காட்டி, இரண்டு தூண்களுக்கு இடையே எத்தனை காலடி என்று எண்ணச் சொல்லலாம். காலடியை மீட்டராக மாற்றுவது ஆறாம் வகுப்புக்கு நல்ல கணக்கு.

தண்ணீர் எங்கே போகிறது

பெரிய மிஸ்ஸின் சொந்தப் பாடம் தண்ணீர். பள்ளி மொட்டைமாடியில் விழும் ஒரு சொட்டு மழை எந்த வழியாகக் கடலுக்குப் போகும் என்பதுதான் அவருடைய கேள்வி. பிள்ளைகள் தெருக் கால்வாயில் தொடங்குவார்கள். ஏரி, சதுப்பு, ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கோவளம் முகத்துவாரம் என்று வரைபடத்தில் ஒவ்வொன்றாகக் கோர்ப்பார்கள். தென்சென்னைப் புறநகரின் எத்தனையோ ஏரிகளின் உபரிநீர் வந்து தங்கும் இடம் பள்ளிக்கரணைதான். பக்கிங்காம் கால்வாய்க்கு வரும்போது வரலாறு வந்து சேர்ந்துகொள்ளும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில், பட்டினி கிடந்த மக்களுக்கு வேலை கொடுத்து அந்தக் கால்வாயின் ஒரு பகுதியை வெட்டினார்கள். அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் அதற்கு வந்தது.

பிறகு பிள்ளைகளை இருவர் இருவராகப் பிரித்து, பெற்றோர் துணையோடு சாலையோரக் கடைகளுக்கு அனுப்புவார். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "2015 டிசம்பர்ல தண்ணி இங்க எதுவரைக்கும் வந்துச்சு?" டீக்கடைக்காரர் தன் முழங்காலைக் காட்டுவார், மருந்துக்கடை அம்மா கல்லாப்பெட்டி மேசையின் விளிம்பைத் தொட்டுக் காட்டுவார், ஒரு காவலாளி சுவரில் இன்னும் தெரியும் கறையைக் காட்டுவார். அந்த உயரத்தை டேப்பால் அளந்து, இடத்தின் பெயரோடு நோட்டில் எழுதிக்கொண்டு வருவார்கள். வகுப்புக்கு வந்ததும் எல்லா அளவுகளையும் ஒரு வரைபடத்தாளில் குறித்தோம். கிடை அச்சில் சாலையின் தூரம், நிலை அச்சில் வெள்ளத்தின் உயரம். சதுப்பை நெருங்க நெருங்கக் கோடு எப்படி மாறுகிறது என்று பிள்ளைகளே பார்த்துச் சொன்னார்கள். ஒரு பையன் அன்று சொன்னதை என்னால் மறக்க முடியாது: "எங்க ஆயா அங்கதான் மீன் புடிச்சிருக்காங்க மிஸ். இப்ப அங்க அபார்ட்மென்ட் இருக்குது." பெரிய மிஸ் அதற்கு விளக்கம் எதுவும் சொல்லவில்லை. அந்தப் பையனை எழுந்துவரச் சொல்லி, ஆயா மீன் பிடித்த இடத்தை வரைபடத்தில் அவனையே குறிக்க வைத்தார்.

அதன் பிறகுதான் தகவல்களைச் சொன்னார். 1960-களில் 5,000 ஹெக்டேருக்கு மேல் இருந்த சதுப்பு இது. பல பத்தாண்டுகளாக நகரத்தின் குப்பை பெருங்குடியில் இதன் மேலேயே கொட்டப்பட்டது. சாலைகளும் கட்டடங்களும் வந்தன. 2007-இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் சுமார் 1,247 ஹெக்டேர் பரப்பு ராம்சர் தளமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அங்கீகாரம் பெற்றது. தாங்கள் அளந்த வெள்ளக் கோட்டுக்குப் பக்கத்திலேயே இந்த எண்களையும் பிள்ளைகள் எழுதினார்கள். எண்கள் அவர்களுக்கு எதையோ சொல்வதாக இருந்தன, ஏனென்றால் அந்தக் கோட்டை அவர்கள் கையால் போட்டிருந்தார்கள்.

இதே நிறுத்தத்தில் குடிமையியலும் இருக்கிறது. பள்ளிக்கரணை 2011-இல் பெருநகர சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. செம்பாக்கம், சேலையூர்ப் பக்கம் 2021-இல் உருவான தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்தது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் மேடவாக்கம் அப்போதும் ஊராட்சியாகவே இருந்தது. ஆக, ஒரே சாலையில் சில கிலோமீட்டருக்குள் மூன்று உள்ளாட்சி அமைப்புகள். குப்பை வண்டியில் எழுதியிருக்கும் பெயரையும், தெருப் பலகையின் வடிவத்தையும் பார்த்து எல்லை எங்கே மாறுகிறது என்று கண்டுபிடிக்கச் சொல்வார். கால்வாய் அடைத்துக்கொண்டால் யாருக்கு மனு எழுத வேண்டும் என்பது அடுத்த வேலை. தமிழ்ப் பாடத்தில் வரும் விண்ணப்பக் கடிதத்தைப் பிள்ளைகள் உண்மையான முகவரிக்கு எழுதினார்கள்.

பனங்கிழங்கும் நாரையும்

தமிழாசிரியரையும் பெரிய மிஸ் இதில் சேர்த்துக்கொண்டார். தை மாதத்தில் போன ஒரு நடைக்குத் தமிழாசிரியர் மேடவாக்கம் சந்தையில் இருந்து வேகவைத்த பனங்கிழங்கு ஒரு கட்டு வாங்கி வந்தார். மஞ்சள் மூக்கு நாரைகள் நின்ற இடத்துக்கு எதிரே, நடைபாதையில் பிள்ளைகளை உட்காரவைத்து, ஆளுக்கொரு கிழங்கைக் கொடுத்து நீளவாக்கில் பிளக்கச் சொன்னார். கூர்மையான நுனியோடு இரண்டு பாதியாகக் கிழங்கு பிரிந்தது. பிறகு பைனாகுலரைக் கைமாற்றிக் கொடுத்து நாரையின் அலகைப் பார்க்கச் சொன்னார். அதற்கும் பிறகுதான், சத்திமுத்தப் புலவர் குளிரில் நடுங்கிக்கொண்டு, மனைவிக்குச் சேதி சொல்லும்படி நாரையை வேண்டிய பாட்டைச் சொன்னார். அதில் புலவர் நாரையின் அலகைப் பிளந்த பனங்கிழங்கோடு ஒப்பிட்டிருக்கிறார். கையில் கிழங்கும் கண்ணில் நாரையும் இருக்கும்போது உவமை என்னவென்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அவர் கேட்ட கேள்வி இதற்கு அடுத்தபடி. "புலவர் பாடின நாரைக்குக் கால் சிவப்பு, அலகும் சிவப்பு. இங்க நிக்கிற நாரையும் அதுவும் ஒண்ணுதானா?" பிள்ளைகள் திரும்பவும் பைனாகுலரை வாங்கினார்கள். இந்த நாரையின் அலகு மஞ்சள். அப்படியென்றால் புலவர் பார்த்தது வேறு நாரை. செங்கால் நாரை என்று ஒன்று வலசை வரும், இப்போது நம் பக்கம் அரிதாகத்தான் கண்ணில் படும் என்று அறிவியல் ஆசிரியர் அதைத் தொடர்ந்தார். வடக்கே இருந்து பறவைகள் ஏன் வருகின்றன, மத்திய ஆசியாவில் இருந்து நீலச்சிறகி வாத்துகள் எந்த மாதத்தில் வந்து சேர்கின்றன என்று பாடம் விலங்கியலுக்கும் புவியியலுக்கும் போயிற்று. இலக்கியம் எங்கே முடிந்தது, அறிவியல் எங்கே தொடங்கியது என்று பிள்ளைகள் யாரும் கேட்கவில்லை.

திரும்பி வந்த பிறகு

சாலையில் நடப்பது பாதி வேலைதான். மறுநாள் வகுப்பில் அதைக் கோர்த்துக் கட்டுவது மீதிப் பாதி. எங்கள் வகுப்புச் சுவரின் நீளத்துக்குத் தாள் ஒட்டி அதில் வேளச்சேரி–தாம்பரம் சாலையை ஒரு கோடாக வரைந்தோம். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு நிறத் துண்டுச்சீட்டு. தாங்கள் கண்டதை அந்தந்த இடத்தில் பிள்ளைகள் ஒட்டினார்கள். சில இடங்களில் நான்கு நிறமும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தன. எந்த இடம் எத்தனை பாடத்தைத் தாங்குகிறது என்று ஆசிரியர்களாகிய எங்களுக்கும் அப்போதுதான் பிடிபட்டது. வளரறி மதிப்பீட்டில் செயல்பாட்டுக்கு என்று இருக்கும் மதிப்பெண்ணை இந்த வேலைக்குக் கொடுத்தோம். தனியாக ஒரு ப்ராஜெக்ட் கொடுத்துக் கடையில் சார்ட் வாங்கவைக்கும் செலவு பெற்றோருக்கு மிச்சம்.

பாதுகாப்பைப் பற்றிப் பெரிய மிஸ் கறாராக இருப்பார். தலைமையாசிரியரின் அனுமதி, பெற்றோரின் கையெழுத்து, வனத்துறையிடம் முன்கூட்டியே கடிதம், பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர், தொப்பி, தண்ணீர் பாட்டில். மேம்பாலத்தின் பக்கம் பிள்ளைகளைக் கூட்டிப்போகக் கூடாது. சாலையைக் கடப்பது சிக்னலில் மட்டும். வெயில் ஏறுவதற்குள் பள்ளிக்குத் திரும்பிவிட வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் அன்றைய நடையை நிறுத்திவிடுவார்.

ஒரு சாலையையே பாடமாக எடுத்துக்கொள்வது உலகத்தில் புதிதல்ல. அமெரிக்காவில் 1935-இல் தொடங்கி 1987-இல் முழுமை பெற்ற, 469 மைல் நீளமுள்ள புளூ ரிட்ஜ் பார்க்வே என்ற மலைச்சாலையை அந்த நாட்டின் தேசியப் பூங்காத் துறை பராமரிக்கிறது. அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்குப் பூங்காக் காவலர்களே பாடம் நடத்துகிறார்கள். நம் நாட்டிலும் 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வரைவு, அறிவைப் பள்ளிக்கு வெளியே இருக்கும் வாழ்க்கையோடு இணைக்க வேண்டும் என்பதை முதல் கொள்கையாகவே வைத்தது. நமக்கு மலையில் செதுக்கிய அழகுச் சாலை வேண்டியதில்லை. நெரிசலும் தூசியும் உள்ள நம் சாலையோரத்தில் ராம்சர் சதுப்பு இருக்கிறது, ஆழ்கடல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, இந்தியாவை அளந்த முதல் கோடு இருக்கிறது. பல்லாவரத்தில் 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபுட் இந்தியாவின் முதல் பழைய கற்கால ஆயுதத்தைக் கண்டெடுத்தார். அந்த இடமும் இங்கிருந்து பக்கம்தான்.

இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்டதன் சாரம் இது. பாடங்களை இணைக்க ஆசிரியர் சிரமப்பட வேண்டியதில்லை. அவை சாலையில் ஏற்கெனவே இணைந்தே இருக்கின்றன. பாட வேளைகளாகப் பிரித்தது நாம்தான். ஆசிரியர் செய்ய வேண்டியது, சரியான இடத்தில் நிறுத்துவது, அளக்கவோ எண்ணவோ வைக்கும் ஒரு கேள்வியைக் கேட்பது, பிள்ளைகள் விடையைக் கண்டுபிடிக்கும் வரை பொறுத்திருப்பது. மூன்றில் கடைசிதான் கடினம். அதைப் பழகத்தான் எனக்கு ஒரு குரு தேவைப்பட்டார்.

மேடவாக்கம், பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், செம்பாக்கம், சேலையூர் பள்ளிகளில் பணியாற்றும் ஆசிரிய நண்பர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பள்ளி வாசலில் போகும் சாலையை இந்த வாரமே ஒரு நோட்டோடு தனியாக நடந்து பாருங்கள். நான்கு இடம் போதும், இடத்துக்கு ஒரு கேள்வி போதும். வேறு பாடம் நடத்தும் ஒரு ஆசிரியரை உடன் சேர்த்துக்கொள்ளுங்கள். அனுமதிக் கடிதங்களை அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே எழுதிவிடுங்கள். சதுப்பில் பறவைகள் நிறைந்திருப்பது டிசம்பரிலும் ஜனவரியிலும். பிப்ரவரி கடந்தால் வலசை வந்தவை திரும்பத் தொடங்கிவிடும். நமக்கும் ஆண்டுத் தேர்வு வந்துவிடும்.